அல் கூஸ் கேம்பில் நான் அடைத்த காற்று

1

துபாய்க்கு வந்து பதினேழு வருடம் முடிந்த நாளன்று அல் கூஸில் ஒரு லேபர் கேம்பின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்தத் தேதியே ஞாபகம் இல்லை. என் மனைவி சுமதிதான் காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள். அன்று மாடியில் நடந்ததை எழுதச் சொன்னவளும் அவள்தான். "கம்பெனி, மேனேஜர், ஊர்ல உள்ள கட்சிக்காரன், ஒருத்தர் பாக்கி இல்லாம திட்டுறீங்கள்ல. இதையும் எழுதுங்க" என்றாள்.

என் ஊர் பெரம்பலூர் பக்கம். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு இங்கே வந்தேன். லீவில் போனால் டீக்கடையில் சொல்வார்கள், "உனக்கென்னப்பா, ஏசியிலயே வேலை." ஆமாம், ஏசியில்தான் வேலை. ஏசி என்ன செய்கிறது? அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அந்த வெளியில்தான் நாங்கள் நிற்போம். ஜூலை மாதம் மாடி ஏணியைக் கையுறை இல்லாமல் பிடித்தால் தோல் ஏணியோடு போய்விடும். இதை டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது.

மெக்கானிக்காக வந்தேன். நடுவில் நாலு வருடம் கம்பெனி என்னைக் கத்தாருக்கு, ராஸ் லஃபானுக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அல் கூஸிலும் அல் குசைஸிலுமாக ஒன்பது கட்டடத்தின் ஏசி என் பொறுப்பு. சூப்பர்வைசர் மாடிக்கு ஏற மாட்டான். கீழே நின்று போன் பண்ணுவான். மேலே போகிறவர்கள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஷீட்டில் கையெழுத்துப் போடுவான். நானும் அப்படித்தான் இருந்தேன். மற்ற சூப்பர்வைசர்களை இதே காரணத்துக்காகக் கெட்ட வார்த்தையில் திட்டியவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

2

இப்போது பெரிய கட்டடங்களின் ஏசியையும் காற்று வரும் வழியையும் கட்டாயம் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்று எங்கள் கட்டடங்களுக்கும் உத்தரவு வந்துவிட்டது. கரண்ட் வீணாகிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் ஆட்களுக்கு வேண்டிய வெளிக்காற்று வருகிறதா என்றும் பார்ப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எந்த நல்ல விஷயம் வந்தாலும் எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்டோரில் ஒரு செட் புது பில்டர் தனியாக இருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சோதனை பில்டர். சோதனைக்கு முதல் நாள் அதை மாட்டுவோம். அதிகாரி போனதும் கழற்றித் துடைத்து அடுத்த கட்டடத்துக்கு வேனில் ஏற்றுவோம். அந்த ஒரே செட் துபாய் முழுக்கச் சுற்றியிருக்கிறது. கேம்பில் இருக்கிற ஒருத்தனும் அவ்வளவு ஊர் சுற்றிப் பார்த்ததில்லை.

அப்புறம் சாம்பிள் ரூம். மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டு அறை. விடிந்ததிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்து, அதிகாரி வரும் நேரத்துக்குச் சாத்தி, ஆளே இல்லாத அறையில் ஏசியைப் போட்டு வைத்திருப்போம். அதில் அளந்தால் காற்று எப்படி இருக்கும்? கொடைக்கானல் மாதிரி இருக்கும்.

அல் கூஸ் கேம்புக்கு இதெல்லாம்கூடத் தேவையில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் கம்பெனி பராமரிக்கும் கேம்புகளிலேயே கரண்ட் குறைவாக எடுப்பது அதுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆண்டு விழாவில் 'மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சிறந்த கட்டடம்' என்று கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். என் பெயரைப் பொறித்து என் கையில் கொடுத்தார்கள். நானும் கோட் போட்டுக்கொண்டு போய் வாங்கினேன்.

சோதனைக்கு முந்தின வாரம் கேம்புக்குப் போனேன். வேலு என்னைப் பார்த்துவிட்டு வந்தான். வேலு ஜெயங்கொண்டத்துக்காரன். கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவன். அந்தக் கேம்பில் எட்டு வருடமாக ஒரே அறையில் ஒரே கட்டிலில் இருக்கிறான்.

"அண்ணே, சோதனையாமே. பெயிலாச்சுன்னா கேம்பை மூடிருவாங்களாமே."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. ஜெபல் அலிக்கு அந்தாண்ட கொண்டுபோய்ப் போட்டுருவாங்களாம். அங்கேர்ந்து சைட்டுக்கு பஸ்ல ரெண்டு மணி நேரம். தூக்கமே போயிரும்ணே. எப்படியாச்சும் பாஸ் பண்ணி விட்டுருங்க."

"பாஸாகும், போ. தலைவலி எப்படி இருக்கு?"

"அது எங்க போகும். எந்திரிச்சா மண்டை கனமா இருக்கு. பனடோல் மாத்திரை போட்டா ஒன்பது மணிக்கு விடுது. ரூம்ல எல்லாருக்கும் அப்படித்தான். கிளினிக்ல தண்ணி குடிக்கச் சொல்றாங்க."

"தண்ணி குடி" என்று நானும் சொன்னேன். வெயிலில் வேலை பார்க்கிறவனுக்குத் தலை வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

3

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நாங்கள் அல் குசைஸில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால் வீட்டில் இருக்கிறோம். படுக்கையறையை மகள் ஆர்த்தி எடுத்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. என் விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலை போனால் விசா போகும். என் விசாவில்தான் அவர்கள் இருவரும் இங்கே இருக்கிறார்கள். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது அவளை எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அந்த வாரம் முழுக்க என் தலையில் ஓடியது இது ஒன்றுதான்.

ஆர்த்தி இங்கேயே வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எங்களுக்காக. கோபம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுவாள். அவள் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளே ஏசி, காதில் ஹெட்போன். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட வேண்டும். ஒரே வீட்டுக்குள்.

அவளுக்கு அப்பாவைப் பற்றிப் பெருமையாக இருந்த ஒரே சாமான் அந்தக் கண்ணாடிக் கேடயம். பள்ளியில் சுற்றுச்சூழல் பற்றிப் பேச வேண்டும் என்று அதைப் போட்டோ எடுத்துவைத்திருந்தாள். "என் அப்பா ஒரு கட்டடத்தின் கரண்டையே பாதியாக்கினார்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். பாதி என்று நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

ஊரில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. இங்கே சம்பாதித்துக் கட்டியது. எல்லா அறையிலும் ஏசி வைத்தபோது கொத்தனாரை விட்டு வெண்டிலேட்டர் ஓட்டைகளை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னேன். குளிர் வெளியே போகக் கூடாதாம். கொத்தனார் என் முகத்தைப் பார்த்து, "காத்து எப்படி தம்பி வரும்?" என்று கேட்டார். "அண்ணே, நான் பதினஞ்சு வருஷமா இந்த வேலைதான் பார்க்குறேன்" என்றேன். அவர் சிமெண்ட் குழைக்கப் போய்விட்டார். அந்த வீட்டில் என் அப்பா அறைக்குள் படுப்பதில்லை. ஏதோ மூச்சு முட்டுகிறது என்கிறார். வயசானவர்களுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அதையும் முடித்துவிட்டேன்.

4

சோதனைக்கு வந்தவர் ஜோர்டான் நாட்டுப் பெண். பெயர் ரீம். முப்பது வயது இருக்கும். தலையில் ஹெல்மெட், காலில் சேப்டி ஷூ, கூடவே கருவிகளைத் தூக்க ஒரு பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் மேனேஜர் மிஸ்ரா ஆபீசிலிருந்து என்னிடம் போனில் சொல்லியிருந்தார். "சாம்பிள் ரூம் காட்டு, டீ கொடு, அனுப்பி வை. கலாஸ்." அரபியில் முடிந்தது என்று அர்த்தம்.

சாம்பிள் ரூமைக் காட்டினேன். அந்தம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில்களில் மெத்தை மடித்து வைத்திருந்தது. ஒரு செருப்புகூட இல்லை.

"இங்கே யாரும் தூங்குவதில்லையே" என்றார் இங்கிலீஷில்.

"எல்லாரும் டியூட்டிக்குப் போயிருக்கிறார்கள் மேடம்."

"நைட் ஷிப்ட் முடிந்து இப்போது தூங்குகிறவர்கள் அறை எது?"

என் இங்கிலீஷ் வேலைக்கு மட்டும் போதும். பொய் சொல்ல இன்னும் கொஞ்சம் நல்ல இங்கிலீஷ் வேண்டும். வாய்க்கு வந்தது "யெஸ் மேடம்" மட்டும்தான். அவர் பாட்டுக்கு நடந்து போய் இரண்டாம் மாடியில் ஒரு கதவைத் தட்டினார். அது வேலுவின் அறை. அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட்.

ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலு எழுந்து உட்கார்ந்து, ஒரு பெண் உள்ளே வருவதைப் பார்த்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "என்னண்ணே இது, லுங்கியோட இருக்கோம்" என்றான்.

"படுத்துக்க. உன்னைப் பார்க்க வரலை, காத்தைப் பார்க்க வந்திருக்காங்க."

"அதை நாங்களே பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றான் மேல் கட்டிலில் இருந்தவன், கண்ணைத் திறக்காமலே.

அந்தம்மா கையில் வைத்திருந்தது செல்போன் அளவில் ஒரு மீட்டர். ஆட்கள் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று அது காட்டும். மூன்று இலக்கத்தில் நின்றால் நல்ல காற்று. நாலு இலக்கத்துக்குப் போய், போகப்போக ஏறினால் சரியில்லை. எண் ஏறிக்கொண்டே போய் நாலு இலக்கத்தில் நின்றது. முதல் இலக்கம் மூன்று. அவர் மீட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். மாறவில்லை.

பிறகு வெளிக்காற்று வரும் கிரில்லைப் பார்த்தார். கூரையை ஒட்டி ஒரு சின்ன சல்லடை. துணியில் செய்த பெரிய புனல் மாதிரி ஒன்றை அதன்மேல் வைத்து அழுத்தினார்கள். எவ்வளவு காற்று வருகிறது என்று அது சொல்லும். பூஜ்யம் என்று சொன்னது.

"வெளிக்காற்று மெஷின் ஓடுகிறதா?"

"ஓடுகிறது மேடம். பேனலில் பச்சை விளக்கு எரிகிறது. தினமும் போட்டோ வருகிறது." போனை எடுத்துக் காட்டினேன். நான் சொன்னது பொய் இல்லை. பச்சை விளக்கு எரியத்தான் செய்தது.

"நீங்கள் கடைசியாக மாடிக்கு எப்போது போனீர்கள்?"

ஏணியைக் காட்டினேன். அவர்தான் முதலில் ஏறினார்.

5

நவம்பர் மாதம் என்பதால் மாடியில் நிற்க முடிந்தது. வெளிக்காற்று மெஷின் ஒரு மூலையில் இருந்தது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிலிப்பைன்ஸ்காரர் மூடியைத் திறந்தார். மோட்டார் ஓடுகிறது, காற்றைத் தள்ளும் பேன் ஓடவில்லை. இரண்டையும் இணைக்கும் பெல்ட் இல்லை. அறுந்து விழுந்த பெல்ட்டும் உள்ளே கிடக்கவில்லை. யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

மெஷின் காற்றை உள்ளே இழுக்கும் வாயைப் பார்க்க அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனோம். அங்கே தகரம் அடித்து அடைத்திருந்தது. சமையல் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, மூன்றை ஒன்றாகச் சேர்த்து ரிவெட் அடித்த தகரம். வெயிலில் வெளுத்துப் போய் மூன்று சூரியகாந்திப் பூப் படம் லேசாகத் தெரிந்தது. ஓரங்களை இரண்டு மடிப்பாக மடித்திருந்தது, கழற்றுகிறவன் கையைக் கிழிக்காமல் இருக்க. அப்படி மடிக்க ஐடிஐயில் எங்கள் வாத்தியார் கம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஆணியால் கீறி எழுதியிருந்தது.

'திறக்காதீங்க.'

என் கையெழுத்து.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்து போயிருந்தேன் என்றும் சொல்ல முடியாது. நினைக்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் இங்கே வந்த இரண்டாவது வருடம், ஆகஸ்ட். அப்போது நானும் இதே கேம்பில்தான் இருந்தேன். வெளிக்காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்பும் காயில் கெட்டுப் போனது. வெளியே இருக்கும் வெக்கையை மெஷின் அப்படியே அள்ளி எல்லா அறையிலும் கொட்டியது. அறை ஏசி எவ்வளவு ஓடியும் குளிரவில்லை. சுவரில் தண்ணீர் வழிந்தது. போதாததற்குக் கேம்ப் கிச்சனின் புகைக்குழாயைக் கட்டும்போதே அந்தக் காற்று வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மீன் பொரிக்கிற வாசனை படுக்கைக்கு வரும். ஆட்கள் தூங்காமல் சைட்டுக்குப் போனார்கள். ஒருத்தன் சாரத்திலிருந்து வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டான். காயில் எப்போது வரும் என்று ஆபீசில் கேட்டால் "புக்ரா" என்பார்கள். நாளைக்காம்.

என் போர்மேன் கான் பாய், பெஷாவர்காரர், ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். "பந்த் கர் தே யார்" என்றார். மூடிவிடு என்றார். கிச்சனிலிருந்து மூன்று எண்ணெய் டின் வாங்கி நான் இந்த மூடியைச் செய்தேன். பேன் மூடிக்கு எதிராகச் சுற்றி மோட்டார் எரிந்துவிடக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றினோம். மோட்டாரை நிறுத்தினால் பேனலில் சிவப்பு விளக்கு வரும், ஆபீசில் கேள்வி வரும். அதனால் அது சும்மா ஓடட்டும் என்று விட்டோம். எங்கள் டீமில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தெரியாமல் யாராவது திறந்துவிடப் போகிறார்கள் என்று தமிழில் எழுதி வைத்தேன். அன்றைக்குக் கேம்பே குளிர்ந்தது. ஆட்கள் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

காயில் வந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் அடைத்தோம். காயில் வந்ததா, வேறு கட்டடத்துக்குப் போனதா, தெரியாது. என்னைக் கத்தாருக்கு அனுப்பினார்கள். கான் பாய் ஊருக்குப் போய்விட்டார். எனக்குப் பின்னால் வந்த தமிழ்ப் பையன்கள் படித்துப் பார்த்துவிட்டு, ஏதோ காரணமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று திறக்கவில்லை. நேபாளியும் வங்காளியும் அது என்ன எழுத்து என்று தெரியாமல் திறக்கவில்லை. கீழே நின்று பச்சை விளக்கைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வெளிக்காற்றைக் குளிர வைக்க வேண்டாம் என்றால் கரண்ட் மிச்சம்தானே. அந்தக் கேடயம் எதற்குக் கொடுத்தார்கள் என்று மாடியில் நிற்கும்போது எனக்குப் புரிந்தது. மூன்று எண்ணெய் டின்னுக்குக் கொடுத்தது.

6

ரீம் அந்தத் தகரத்தைப் போட்டோ எடுத்தார். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன மொழி?"

"தமிழ் மேடம்."

"என்ன எழுதியிருக்கிறது?"

"திறக்க வேண்டாம் என்று."

"யார் எழுதியது என்று தெரியுமா?"

கான் பாய் என்று சொல்லியிருக்கலாம். அவர் பெஷாவரில் எங்கே இருக்கிறாரோ, யார் தேடப் போகிறார்கள்? தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். துபாயில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானா? ஆர்த்தியின் பரீட்சை ஞாபகம் வந்தது. வேலு போர்வையைக் கழுத்துக்கு இழுத்ததும் ஞாபகம் வந்தது. அவனிடம் தண்ணி குடி என்று சொன்னேனே, அது எனக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது. நான் பெரிய யோக்கியன் எல்லாம் இல்லை. அன்று அந்த இடத்தில் இன்னொருவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"நான்தான் மேடம். பதினைந்து வருடத்துக்கு முன்னால்."

திட்டுவார் என்று நினைத்தேன். "எதற்காக?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காயில், ஆகஸ்ட், மீன் வாசனை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்தப் புகைக்குழாயையும் போட்டோ எடுத்தார்.

"நான் எழுத வேண்டியதை எழுதித்தான் ஆக வேண்டும்" என்றார்.

"எழுதுங்கள்."

"சரி செய்ய முப்பது நாள். கேம்பை மூட நான் எழுதவில்லை. வெளிக்காற்று வராமல் முப்பதாவது நாளும் இப்படியே இருந்தால் அப்படி எழுதுவேன்."

கீழே இறங்கும்போது ஏணியில் நின்று திரும்பி, "அந்தத் தகரத்தைக் கழற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். ஓரம் மடித்திருக்கிறது, வெட்டாது மேடம் என்று சொல்ல வந்தேன். சரி மேடம் என்றேன்.

7

மிஸ்ரா என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் செய்ததற்குக்கூட இல்லை, ஒத்துக்கொண்டதற்கு. "உன்னை யார் அரிச்சந்திரன் ஆகச் சொன்னது?" என்ற மாதிரி இந்தியில் கேட்டார். நானும் கத்தினேன். புகைக்குழாயை அங்கே வைத்தது யார், காயில் எங்கே போனது, சோதனை பில்டரை யார் வைக்கச் சொன்னது என்று வரிசையாகக் கேட்டேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினோம். முடிவு இதுதான். விசா புதுப்பிப்பார்கள். சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. பழையபடி மெக்கானிக். அந்தக் கேம்பை முப்பது நாளில் சரி செய்வது என் பொறுப்பு. முடியாவிட்டால் கேம்ப் போகும், நானும் போவேன்.

வீட்டில் சொன்னேன். சுமதி, "மறுபடி வெயில்ல ஏறுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஏறுவேன் என்றேன்.

ஆர்த்தியிடம் சொல்வதுதான் கஷ்டம். கதவைத் தட்டி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். ஹெட்போனைக் கழற்றினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரியாத தமிழ் வார்த்தை வரும்போது நிறுத்திக் கேட்டாள்.

"எத்தனை பேர் அப்பா அந்தக் கேம்ப்ல?"

"நிறைய பேர்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"ஆமாம்."

போனில் கால்குலேட்டரை எடுத்தாள். "அதை வை" என்றேன். வைத்துவிட்டாள். பிறகு இங்கிலீஷில், "நீங்க உண்மையைச் சொன்னது நல்ல விஷயம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மகள் எனக்குச் சான்றிதழ் கொடுக்கிறாள், வாத்தியார் மாதிரி. ஆனால் பள்ளிக்காக எழுதிவைத்த பேச்சை அவள் கிழித்துப் போடவில்லை. கேடயத்தின் போட்டோவை மட்டும் நீக்கிவிட்டுத் தகரத்தைப் பற்றி எழுதினாள். பள்ளியில் அதைப் பேசினாள். அடைத்தது தன் அப்பா என்று சொல்லாமல். அதற்கு நான் சம்மதித்தேன்.

சரி செய்யும் வேலைக்காகக் கம்பெனி எனக்கு ஒரு மீட்டர் கொடுத்திருந்தது. ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆர்த்தி விளையாட்டாகத் தன் அறைக்குள் எடுத்துப் போனாள். கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் படித்துவிட்டு வெளியே வந்து என்னிடம் நீட்டினாள். நாலு இலக்கம்.

இப்போது கதவைத் திறந்து வைத்துத்தான் படிக்கிறாள். அவள் பிரெண்டோடு போனில் பேசுவது ஹாலுக்குக் கேட்கிறது. பாதி புரியவில்லை, அவ்வளவு வேகமான இங்கிலீஷ். இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

8

இருபத்தாறு நாள் ஆனது. புகைக்குழாயைக் கட்டடத்தின் அந்தப் பக்கக் கோடிக்கு மாற்றினோம். புதுக் காயில், புது பெல்ட். சோதனை பில்டரையும் நான் அங்கேயே மாட்டிவிட்டேன், கழற்றவில்லை. ஸ்டோரில் கேட்டார்கள். மாடியில் இருக்கிறது, வேண்டுமானால் ஏறி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் வரவில்லை.

முதல் நாள் ஆட்கள் என்னைத் திட்டினார்கள். கிரில்லில் தேங்கிய பதினைந்து வருட மணல் எல்லாம் கட்டிலில் கொட்டியது. "காத்து விடுறேன்னு சொல்லிட்டு பாலைவனத்தையே விடுறியே" என்றான் மேல் கட்டில்காரன். அடைத்தவன் நான்தான் என்பதை அவர்களிடம் நானே சொன்னேன். வேலு போர்வையில் கிடந்த மணலை உதறினான். பிறகு, "அந்த பனடோல் காசை யாருகிட்டண்ணே கேக்குறது?" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவனே வந்தான்.

"அண்ணே, நாலு நாளா தலை வலிக்கல."

"நல்லதுடா."

"சும்மா சொல்லக் கூடாது. இன்னும் ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டான்.

ரீம் வந்து அளந்தார். மூன்று இலக்கம். சான்று கிடைத்தது. கேம்பின் கரண்ட் பில் கூடியது. இனிமேல் அந்தக் கட்டடத்துக்குக் கேடயம் வராது. ஊரில் தம்பிக்குப் போன் பண்ணி, கொத்தனாரைக் கூப்பிட்டு வெண்டிலேட்டரைத் திறக்கச் சொன்னேன். நீங்களும் ஏசி வைத்து ஓட்டையை அடைத்திருந்தால் தயவுசெய்து போய்ப் பாருங்கள். காலையில் தலை கனமாக எழுந்தால் தண்ணீரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

மெஷினின் காற்று வாய்க்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்தேன். இங்கிலீஷ், இந்தி, உருது, வங்காளம், தமிழ். 'அடைக்காதீங்க. ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடவும்.' போன தடவை பெயர் போடவில்லை. இந்தத் தடவை என் பெயரையும் போன் நம்பரையும் போட்டேன்.

இதை எழுதி முடிக்கலாம் என்று இன்று மத்தியானம் உட்கார்ந்தபோது போன் வந்தது. வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. வெளியே மே மாத வெயில். கேம்ப் டியூட்டியில் இருக்கும் நேபாளி, பெயர் பகதூர்.

"பாய், காயில் வேலை செய்யவில்லை. ரூமுக்குள் சூடாக வருகிறது. ஆட்கள் சத்தம் போடுகிறார்கள். நாளைக்கு ஆள் வரும்வரை ஒரு பிளைவுட் வைத்து மூடிவிடவா? ஒரே ஒரு நாள்தான்."

"கை வைக்காதே" என்றேன். "நான் வருகிறேன்."

சுமதி டிபன் டப்பாவை எடுத்தாள். நான் கையுறையைத் தேடினேன்.